பதினொன்று இருபது

முதலாளிக்குத் தெரியாது,
இரவில் இரண்டு முறை
இந்தப் பெட்ரோல் பங்க் செத்துப்போகும்.
பின்கதவுக்கு உட்புறம் ஒரு நெம்புகோல். இழுத்தால்
கூரைவிளக்கு, விலைப்பலகை, ஐஸ் பெட்டியின் நீலம்
எல்லாம் ஒரே மூச்சில் அணையும்.
தக்குவாரெம்போவுக்கு வடக்கே
அறுபது கிலோமீட்டர் ஜூலை இருட்டு
வந்து என் மேல் உட்காரும்.

கண் பழக இருபது நிமிடம் வேண்டும் என்பார்கள்.
எனக்குக் கிடைப்பது எட்டு.
கடற்படை கழித்துக்கட்டிய பைனாகுலர்,
இடது கண்ணில் பூஞ்சை.
டார்ச் முகப்பில் சிவப்பு மிட்டாய்த்தாள்.
குறிப்பெடுக்க
டீசல் பில் புத்தகத்தின் பின்பக்கம்.

தேளின் கொடுக்கில் மூலம்.
அதற்குத் தெற்கே எனக்கென்று பன்னிரண்டு நட்சத்திரங்கள்,
ஒரு மாதம் கொழுத்து மறுமாதம் மெலிகிற
கரும்பு வெட்டும் கூலிக்காரர்களைப் போல.
இதைவிட ஒரு படி மங்கல்,
அதைவிட இரண்டு படி பிரகாசம்.
தராசு கிடையாது.
பக்கத்து வீட்டை வைத்துத்தான்
ஒரு வீட்டை அளக்கிறேன்.

கடைசியாக ஒரு வெற்றிடம்.
மூன்று புள்ளிகளுக்கு நடுவே
சுண்டுவிரல் நகமளவு ஒன்றுமில்லாத கறுப்பு.
பூட்டிய கதவை
இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பதுபோல
அதையும் பார்த்துவிட்டுத்தான் விளக்கைப் போடுவேன்.
ஒன்பது வருடம்
அதற்கு நேரே ஒரே சொல்:
இல்லை.

அந்தச் செவ்வாய் இரவும்
பதினொன்று இருபதுக்கு, இல்லை.
மூன்று மணிக்கு மறுபடி பார்க்க நினைத்திருந்தேன்.
இரண்டு ஐம்பதுக்கு வால்தெமாரின் லாரி வந்தது.
நாற்பது மாடு, உள்ளே ஒன்று விழுந்து கிடந்தது.
"விளக்கை அணைச்சிடாத, நெலிடா!"
மிதிபட்டுச் சாகும் முன் தூக்கியாக வேண்டும்.
விடியும்வரை தூக்கினோம்.

மறுநாள் இரவு
கறுப்புக்குள் ஒருவன் நின்றிருந்தான்.
கூப்பிடாத விருந்தாளி
நடுக்கூடத்தில் நிற்பதுபோல.
பைனாகுலரைத் துடைத்தேன்.
கண்ணைத் துடைத்தேன்.
நின்றுகொண்டேதான் இருந்தான்.

கைநடுங்கத் தட்டி அனுப்பினேன்.
பதில் உடனே வந்தது:
ஏற்கெனவே பதிவாகிவிட்டது.
நியூசிலாந்தில், ஓமாரு பக்கம்,
மொராக் என்று ஒரு பாலாடைக்கட்டிக்காரி.
மோர்வாளியை வெளியே கொட்ட வந்தவள்
அப்படியே அண்ணாந்திருக்கிறாள்.
அவளுக்கு அது அந்திப்பொழுது.
எனக்கு விடிகாலை மூன்று நாற்பது,
மாட்டின் கொம்பைப் பிடித்திருந்த நேரம்.

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.
சில்லறையை எண்ணாமல் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை யாரோ எழுதிக் கேட்டார்கள்:
அது தெரிவதற்கு முன்னால்
அந்த இடத்தைக் காலியாகப் பார்த்தவர்கள் உண்டா?
எங்களிடம் இருக்கும் கடைசிப் படம்
இரண்டு நாள் பழையது.

நாற்பது லிட்டர் டீசலுக்கான பில்லைத் திருப்பி
படம் எடுத்து அனுப்பினேன்.

மொராக் 'இருக்கிறது' என்றாள்.
நான் 'இல்லை' என்றேன்.
இரண்டும் பொய்யில்லை.
நடுவிலிருந்த நாலு மணி இருபது நிமிடத்தில்
அது எங்கள் கண்ணுக்கு எட்டியிருக்கிறது.
வெடித்தது என்னவோ
எங்கள் இரு நாட்டிலும் ஆள் பிறக்கும் முன்பு.
தபால் எத்தனை மணிக்கு வந்தது என்பதற்குத்தான்
நாங்கள் இரண்டு சாட்சிகள்.

வரைபடம் வந்தது.
அவளுடையது கெட்டியான புள்ளி.
என்னுடையது அதற்கு இடப்பக்கம்
கீழ்நோக்கிய ஒரு சின்ன அம்புக்குறி.
இதற்கும் கீழே, தெரியவில்லை என்று பொருளாம்.
அச்சடித்து
ஆயில் டப்பாக்களுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.
முதலாளி விலைப்பட்டியல் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் அது மங்கிப்போனது.
மறுபடி இல்லை, இல்லை, இல்லை.
முன்பைவிட அழுத்தி எழுதுகிறேன்.

இன்று பதினொன்று இருபது.
நெம்புகோலை இழுக்கிறேன்.
வளைவில் ஒரு லாரி
தன் முகப்பு விளக்குகளை அணைத்து நிற்கிறது.
ஹாரன் இல்லை.
இருட்டில் நாற்பது மாடுகள்
மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது.